மேல்தேம்பாறைக்கு மூன்று வண்டிகள்

வந்தவர்கள் இவர்கள்.

நான், ஏழுமலை. ஆம்பூரில் ஜீப் ஓட்டுகிறவன்.

செல்வி, என் மனைவி. ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவு. நாள் முழுக்கத் தோலில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை.

பஷீர் பாய். எங்கள் ஊரில் ஃபோர் வீல் வண்டிக்கு மெக்கானிக் என்றால் அவர்தான்.

டேவிட் சார். வேலூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல ரோடு இருக்கும்போது கெட்ட ரோட்டைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அவர் அந்த வகை.

ஆட்கள் இவ்வளவுதான். வண்டிகள் மூன்று. பாயும் டேவிட் சாரும் எங்களுக்குத் துணை. ஆளுக்கொரு வண்டி. செல்வி என் பக்கத்தில்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செல்விக்கு இழுப்பு. ராத்திரி படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். சொல்யூஷன் வாசனையை விடணும் என்று டாக்டர் சொன்னார். கம்பெனியை விட்டுவிடலாம். தெருவை எப்படி விடுவது? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஷூ மேல்பாகம் ஒட்டுகிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை உள்ளே வந்து உட்காரும்.

அப்போதுதான் ஆலங்காயம் சந்தையில் பொன்னியைப் பார்த்தோம். ஜவ்வாது மலையில் மேல்தேம்பாறை என்கிற ஊர். அங்கே மகளிர் குழுத் தலைவி. தார் ரோடு முடிந்த பிறகு அவர்கள் ஊருக்குப் பாறையும் சேறுமாக ஒரு தடம் மட்டும்தான். உடம்பு முடியாதவர்களைத் தூளி கட்டித் தோளில் இறக்குகிறார்கள். மலையிலேயே குடியிருந்து வண்டி ஓட்ட ஒரு ஆள் கிடைத்தால் வீடு தருகிறோம் என்றாள். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

“வண்டி ஆளுங்களோட ஊருக்குள்ள வந்து நிக்கணும். அப்பால பேசலாம்.”

செல்வி அன்று வீட்டுக்கு வந்ததும் மலைக்கு எந்தப் புடவை எடுத்துப் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் ஜீப் பழைய டீசல். கசாப்புக் கடைகளில் உப்புப் போட்டு அடுக்கி வைக்கும் ஆட்டுத்தோலை ஏற்றிவந்து, பதனிடுகிற டேனரியில் இறக்குவது அதன் பழைய பிழைப்பு. அந்த வேலையை லாரிகள் எடுத்துக்கொண்டன. பொன்னியைப் பார்த்த பிறகு ஜீப்பை மலைக்கென்று மாற்றினேன். பெரிய டயர். ஸ்பிரிங்கில் இருந்த பட்டைகளுக்கு மேல் இன்னும் இரண்டு பட்டை. முன்னால் கனத்த பம்பர், அதில் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச். அடியில் பாய் கறுப்பு பெயின்ட் அடித்தார். முடித்து வெளியே எடுத்தபோது நின்ற இடத்திலேயே ஒரு முழம் வளர்ந்திருந்தது. செல்வி ஏறுவதற்குத் தனியாக ஒரு படி வைத்துப் பற்றவைத்தோம்.

பாயுடையது சின்ன பெட்ரோல் வண்டி. ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தார். எடை கம்மி. உள்ளே உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும்.

டேவிட் சாருடையது புதுசு. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். இறக்கத்தில் பொத்தானை அமுக்கினால் அதுவே பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கும். வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று திரையில் சின்ன வண்டி ஒன்று சாய்ந்து காட்டும். எனக்கு அது பிடித்திருந்தது. செல்விக்கு ஏசி பிடித்திருந்தது. ஆனால் என் வண்டியில்தான் வந்தாள்.

முதல் நாள்.

ஆலங்காயத்தில் டீ குடித்தோம். தை மாதம். வெயில் வந்த பிறகும் பனி முழுக்கக் கலையவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவர் என் டயரைக் கையால் தட்டிப் பார்த்தார். இதில் ஏர் கட்டி உழுவீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிசு என்றார். மலைக்கு என்றேன். அவர் மலையைத் திரும்பிப் பார்த்தார். அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு புளியமரம். அதன் கீழே சாப்பிட்டோம். பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது. கத்தரிக்காய்த் தொக்கு தனியாக. டப்பாவைத் திறந்ததும் மலை வாசனை போய் ஆம்பூர் வாசனை வந்துவிட்டது. டேவிட் சார் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். வேலூரில் இந்த மாதிரி இல்லை என்றார். பாய் அதை மறுக்கவில்லை.

சாப்பிட்டதும் டயர்களில் காற்றைப் பாதிக்கு இறக்கினோம். காற்று கம்மியானால் டயர் பாறைமேல் சப்பையாக உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். மூன்று வண்டிகளிலிருந்தும் காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை. செல்வி கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான் என்று நினைத்தேன்.

தடத்தில் டேவிட் சார் முதலில் போனார். பின்னால் பாய். கடைசியில் நாங்கள்.

மூன்று வண்டிகளையும் நான் பார்த்த மாதிரி சொல்கிறேன். டேவிட் சார் வண்டி பாறை ஏறும்போது சத்தமே இல்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகிறது. அகலம்தான் ஜாஸ்தி. இரண்டு பாறைக்கு நடுவே போகும்போது கண்ணாடிகளை மடக்கினார். அப்படியும் கதவில் ஒரு கோடு விழுந்தது. அவர் இறங்கிப் பார்த்துவிட்டு, “வந்ததுக்கு அடையாளம்” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். பாய் வண்டி வெள்ளாடு. நின்று யோசிக்காது, தாவும். ஆனால் மூட்டை ஏற்ற இடம் இல்லை. என் ஜீப் மெதுவாகத்தான் போகும். லோ கியரில் போட்டுவிட்டால் டேனரியில் ட்ரம் சுற்றுகிற மாதிரி ஒரே சீராக உருண்டுகொண்டே போகும். மிதிக்க வேண்டாம், முறுக்க வேண்டாம். கைகளை லேசாக வைத்திருந்தால் போதும்.

பாதி வழியில் பனி இறங்கியது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிய மாதிரி வெள்ளை. முன்னால் போன இரண்டு வண்டிகளும் அதற்குள் போய்விட்டன. சிவப்பு விளக்கு ஒன்று தெரியும், அணையும். மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்று, பார்த்துவிட்டு, பின்னால் போயின. நாங்கள் நகர்கிறோமா மரங்கள் நகர்கின்றனவா என்று தெரியவில்லை. செல்வி கையை வெளியே நீட்டிப் பனியைப் பிடித்துப் பார்த்தாள். கை ஈரமாக வந்தது. முகத்தில் தடவிக்கொண்டாள்.

“தூங்குற மாதிரி இருக்குதுங்க,” என்றாள். “ஆனா முழிச்சினுதான் இருக்கறேன்.”

அம்மிக்கல் ஏற்றம் என்று ஒரு இடம். அம்மியைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரே பாறை, அதன் தலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. அதில் மூன்று வண்டிகளும் ஏறின. என் ஜீப் ஒரு தடவை முக்கியது. ஏறிவிட்டது.

ஊருக்குள் போய் நின்றதும் சனங்கள் வந்து சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை. பொன்னி சுற்றி வந்து பார்த்தாள். காலி வண்டி ஏறி வந்ததைக் கண்ணால் கண்டாயிற்று, நாளைக்கு ஆளும் மூட்டையும் போட்டு ஏறட்டும் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ராத்திரிக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சாமை எங்கள் பக்கம் கடையில் பாக்கெட்டில் வருகிறது, சர்க்கரை நோய்க்காரர்கள் வாங்குவார்கள். இங்கே அதுதான் சோறு. ஊற்று நீரை அப்படியே மொண்டு கொடுத்தார்கள். ஆம்பூரில் குடிக்கக் கேன் தண்ணீர்தான். செல்வி சொம்பை முகர்ந்து பார்த்தாள். பழக்கம். ஒரு வாசனையும் இல்லை என்பதே அவளுக்கு ஆச்சரியம்.

ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல். பாய் அங்கே நின்று வீட்டுக்குப் பேசினார். உருது எனக்குப் பாதி புரியும். ரோடு நன்றாக இருக்கிறது, கை கால் எல்லாம் சுகம், ரொட்டி சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் சுகம் என்பது மட்டும்தான் நிஜம். சாமையை என்னவென்று சொல்வது என்று தெரியாமல் ரொட்டி ஆக்கிவிட்டார்.

செல்வி அன்று படுத்துத் தூங்கினாள். சாயவில்லை. நேராகப் படுத்தாள். நான் கொஞ்ச நேரம் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நானும் தூங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள்.

விடிந்து வெளியே வந்தால் மாடுகள். பனிக்குள் கொம்பும் முதுகும் மட்டும் மிதந்தன. ஊர் மாடுகள் மொத்தமும் என் ஜீப்பைச் சுற்றி நின்றன. கழுத்தை வளைத்து, அடியில் நாக்கை விட்டு நக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற டேவிட் சார் வண்டியையும் பாய் வண்டியையும் ஒரு மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒங்க வண்டி மேலதான்ணா ஆச அதுங்களுக்கு,” என்றாள் பொன்னி.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். செல்வியும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு கன்றின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். பாய் பல் தேய்த்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று வண்டிகளிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு தார் ரோடு வரை இறங்கினோம். அன்று ரேஷன் அரிசி வருகிற நாள். திரும்பும்போது டேவிட் சார் வண்டியில் நான்கு பெண்கள். ஏசி வேண்டாம், மூச்சு முட்டுகிறது, கண்ணாடியை இறக்குங்க என்றார்கள். பாய் வண்டியில் மூன்று பேர். முட்டி இடித்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். மீதி ஆட்களும் அரிசி மூட்டைகளும் என் ஜீப்பில். பொன்னி பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். செல்வி முன்னால்.

அம்மிக்கல் ஏற்றத்தில் லோ கியரில் போட்டேன். முன் சக்கரம் படியில் ஏறியது. பின் சக்கரம் படிக்கு வந்தது. அப்போது ஒரு சத்தம். காய்ந்த தென்னை மட்டையை முட்டியில் வைத்து ஒடித்த மாதிரி. பெரிய சத்தம் இல்லை. ஜீப் இடது பக்கம் மெதுவாக உட்கார்ந்தது. மாடு படுக்கிற மாதிரி உட்கார்ந்தது.

பொன்னி குதித்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை உருட்டி முட்டுக் கொடுத்தாள். எல்லாரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு கல் வைத்த பிறகுதான் எடுத்தேன்.

முன்னால் போன பாயும் டேவிட் சாரும் வண்டிகளை மேலே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். டேவிட் சார், வின்ச் கயிற்றை மரத்தில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம் என்றார். மாட்டினோம். கயிறு இறுகியது. ஜீப் வரவில்லை. பம்பரும் முன்பாதியும் மட்டும் முன்னால் வர ஆரம்பித்தன. டேவிட் சார்தான் முதலில் பார்த்து நிறுத்தச் சொன்னார். நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

பாய் அடியில் படுத்துப் போனார். வண்டிக்கு அடியில் நீளத்துக்கு இரண்டு இரும்புச் சட்டம் போகும். சேஸ் என்போம். பட்டை, எஞ்சின், பம்பர் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. பாய் ஸ்பேனரால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். முன்னால் டங் என்றது. நடுவில் டொக் என்றது. பின்னால் சத்தமே வரவில்லை. கறுப்பு பெயின்ட் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. அதற்குள் இரும்பு இல்லை. பழுப்பாக அடுக்கடுக்காக ஏதோ இருந்தது.

பாய் ஒரு பொருக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார்.

“உப்பு,” என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்கப் போனால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் அடியில் கையை விட்டுச் சட்டத்தின் உள்பக்கத்தைத் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்போம். கரித்தால் பேசாமல் திரும்பிவிடுவோம். தோல் ஏற்றின வண்டி என்று அர்த்தம். தோலில் போட்ட உப்பு தண்ணீராக வடிந்து, பலகைச் சந்தில் இறங்கி, சட்டத்துக்குள் போய்த் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளேயிருந்து தின்னும். விற்கிறவன் கோபப்பட மாட்டான். நக்கிப் பாருங்க என்று அவனே சொல்வான்.

பாய் எத்தனையோ வண்டியை அப்படிக் கழித்திருக்கிறார். நானும்தான். என் ஜீப்பை நாங்கள் இரண்டு பேருமே நக்கிப் பார்க்கவில்லை. அது நம்ம வண்டி. வாங்கப் போவதில்லையே. மேலே பெரிய டயரும் கூடுதல் பட்டையும் வின்ச்சும் ஏற்றினோம். அந்தக் கனத்தையெல்லாம் இல்லாத இரும்பின்மேல் ஏற்றியிருக்கிறோம்.

“காலைல மாடுங்க சொல்லுச்சு,” என்றார் பாய். “நம்ம ரெண்டு பேரும் வேடிக்க பாத்துனு நின்னோம்.”

டேவிட் சார் ஒரு பொருக்கை எடுத்து அவரும் நாக்கில் வைத்தார். முகம் கோணியது. செல்வி வாங்கி வைத்துப் பார்த்தாள். துப்பவில்லை.

“இனிமே இன்னாங்க?” என்று கேட்டாள்.

புது வண்டி வாங்க முடியாது. ஆளோடு ஏறவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. கீழே போனால் அந்தத் தெரு. சுவர். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜீப் நிற்கிற இடம் இரண்டு பாறைக்கு நடுவே. அது நகராமல் மேலே இருக்கிற இரண்டு வண்டியும் இறங்க முடியாது. மத்தியானம் முழுக்கப் பாய் ஜீப்பைக் கழற்றினார். டேவிட் சார் போல்ட்டுகளை வாங்கித் துணியில் வரிசையாக வைத்து, எது எங்கே உள்ளது என்று போட்டோ எடுத்துக்கொண்டார். பானெட், மட்கார்டு, சீட்டு, டயர் எல்லாம் பாறைமேல் பரப்பிக் கிடந்தன. சாயங்காலம் பனி வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. ஸ்டியரிங் மட்டும் கடைசி வரை தெரிந்தது.

கீழே இறக்கினால் ஆலங்காயத்திலிருந்து டெம்போ வைத்து ஆம்பூருக்குக் கொண்டுபோகலாம் என்று பாயிடம் சொன்னேன். பொன்னி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனாள்.

மூன்றாம் நாள்.

காலையில் அவள் ஆட்களோடு வந்தாள். கையில் மூங்கில் கழிகளும் கயிறும். ஆண்கள், பெண்கள் கலந்து வந்தார்கள். நான் கீழ்ப்பக்கம் கையைக் காட்டினேன். பொன்னி கழியை மேல்பக்கம் பார்த்துப் போட்டாள்.

“கீழ எறக்கனா அது ஒங்க ஊரு சாமானு. மேல வந்தா எங்க ஊரு வண்டி.”

“ஒடஞ்ச வண்டிம்மா,” என்றேன்.

“ஒடஞ்சவங்களத்தான்ணா தூக்குவோம். நல்லாருக்கறவங்க நடந்து போவாங்க.”

நான் நீட்டிய கையை இறக்கினேன்.

எஞ்சினுக்குத் தூளி கட்டினார்கள். நோயாளிக்குக் கட்டுகிற அதே கட்டு. தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எஞ்சினுக்கு ஏது தலை என்று யாரும் கேட்கவில்லை. பாய் மட்டும் ரேடியேட்டர் பக்கத்தைக் காட்டினார். உயர்த்திக் கட்டினார்கள்.

வெறும் கூடாக நின்ற பாடிக்கு அடியில் நீளத்துக்கு இரண்டு கழி, குறுக்கே நான்கு கழி. ஒரே குரலில் தூக்கினார்கள். ஜீப் எழுந்தது. சக்கரம் இல்லை, சத்தம் இல்லை. பனிக்குள் தோள்களின்மேல் ஆடாமல் போனது. நான் இத்தனை வருடம் அதை ஓட்டியிருக்கிறேன். அது அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சுகமாகப் போய்ப் பார்த்ததில்லை. கீழே ஆட்கள் தெரியவில்லை. பனிமேல் ஜீப் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அம்மிக்கல் படியில் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் தாண்டிப் போனது. முகப்பு விளக்கு இருந்த இரண்டு ஓட்டையிலும் பனி புகுந்து பின்னால் வந்தது.

நான் எஞ்சின் கழியில் தோள் கொடுத்திருந்தேன். என் முன்னால் டேவிட் சார். கழுத்தில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார். ஒரு கிழவர் அவரிடம், தம்பி கால் மாத்தி வை, எல்லாரும் ஒரே காலு வெச்சா தூளி ஆடும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சார் சரி சரி என்று கால் மாற்றிக்கொண்டே நடந்தார்.

செல்வியை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் முன்சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது மூச்சைக் கவனித்தேன். எனக்குத்தான் வாங்கியது. மேலே வந்து சேர்ந்தபோது அவள் அந்தச் சீட்டை ஒரு பலாமரத்தடியில் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள்.

சேஸை மட்டும் அம்மிக்கல்லிலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டோம். மாடுகள் அங்கே போய்விட்டன.

பாய் பாறைமேல் ஏறிப் போன் போட்டுவிட்டு வந்தார். காவேரிப்பாக்கம் பக்கம் ஒருவரிடம் ஒரு ஜீப் படுத்துக் கிடக்கிறதாம். நெல் மூட்டை தவிர வேறு எதுவும் ஏற்றாதது. அதன் சேஸைக் கேட்டிருக்கிறார். முதலில் அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதி என்றார். அதுவரைக்கும் தன் பெட்ரோல் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். நோயாளியைப் படுக்க வைக்கவேண்டும் என்றால் பின்சீட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து போட்டுக் கட்டிக்கொள் என்று எனக்குக் காட்டினார். சாவியைச் செல்வியிடம் கொடுத்தார்.

“ஏழுமல மறந்துடுவான். நீ வெச்சிக்கம்மா.”

அவர் டேவிட் சார் வண்டியில் கீழே போவதாக இருந்தது. பொன்னி விடவில்லை. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பாடு யார் வீட்டில் என்று பாய் கேட்டார்.

அப்போதுதான் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். தூளி தூக்கியவர்கள் எல்லாரும் அன்று ஒரு வேளை ஒன்றாகச் சாப்பிட வேண்டும். யாருக்காகத் தூக்கினார்களோ அவர்கள் வீட்டில். அரிசியை அந்த வீட்டுக்காரிதான் கையால் அளந்து போட வேண்டும். வேறு யாரும் அளக்கக் கூடாது.

“எங்களுக்கு இங்க வூடு இல்லியே,” என்றாள் செல்வி.

பொன்னி இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். திருப்பூருக்குப் பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் வீடு. ஊரின் கடைசியில், காற்று வருகிற பக்கம். வாசலில் ஒரு எலுமிச்சை மரம். கதவைத் தள்ளியதும் உள்ளே இருந்த குளிர் எங்கள்மேல் வந்து மோதியது. வாசனை எதுவும் இல்லை. காய்ந்த மண் மட்டும். செல்வி உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சாய்ந்து பார்க்கவில்லை. தொட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வழியை மறித்துக்கொண்டு நின்ற ஜீப் போய்விட்டதால் டேவிட் சார் இறங்கி ஆலங்காயம் போய்க் கறியும் வெங்காயமும் வாங்கி வந்தார். போய் வருவதற்கு அவர் வண்டி மாதிரி ஒரு வண்டி கிடையாது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பாய் அடுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வாசலுக்கு வெளியே, காற்றுக்குக் கீழ்ப்பக்கம், மூன்று கல் கூட்டினார். புகை செல்வி பக்கம் போகாமல் மலையிறக்கத்தில் போனது. இந்த ரேஷன் அரிசியில் பிரியாணி குழைந்துவிடும், ஆம்பூர்க்காரன் பேர் கெட்டுவிடும், கொஞ்சம் சாமையும் கலந்து பார்க்கிறேன் என்றார். சாமையில் பிரியாணியா என்று டேவிட் சார் கேட்டார். எங்க வூட்ல சொல்லாதீங்க என்றார் பாய்.

தூக்கியவர்கள் வந்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தோள் சிவந்திருந்தது எல்லாருக்கும். ஒருவருக்கொருவர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து பனி மறுபடி மரங்களுக்கு நடுவே வர ஆரம்பித்தது. பேச்சுச் சத்தம் பஞ்சுக்குள் வைத்த மாதிரி கேட்டது.

பொன்னி சாக்கைப் பிரித்து, அளக்கிற படியைக் கழுவித் துடைத்து, செல்வி கையில் கொடுத்தாள். செல்வி சாக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். படியை அரிசிக்குள் விட்டாள். நிறைத்துக் கையால் வழித்தாள். பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

“எத்தினி பேருக்குக்கா?”

பொன்னி வாசலைப் பார்த்து எண்ணினாள். ஒருமுறை எண்ணிவிட்டு, பாயையும் டேவிட் சாரையும் என்னையும் சேர்த்தாள். செல்வியையும் சேர்த்தாள்.

முப்பத்தெட்டு.